பகல் உனக்கு, ராத்திரி எனக்கு: இங்கிலாந்து முயலின் சட்டக் கதை

உங்கள் வயலில் நீங்கள் விதைத்த கோதுமையை ஒரு முயல் வந்து மேய்கிறது. அதை நீங்கள் சுடலாமா?

இதென்னங்க கேள்வி, என் வயல், என் பயிர், சுட்டுக் குழம்பு வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். இங்கிலாந்தில் அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. நீங்கள் குத்தகைக்கு உழுகிறவராக இருந்தால் 1880 வரைக்கும் பதில், "பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்பதுதான். அதில் பெரும்பாலும் முயல் நிலச் சொந்தக்காரருக்கு என்று எழுதியிருக்கும். 1880-க்குப் பிறகு, "தாராளமா சுடு, ஆனா பகல்ல மட்டும்." 1981-க்குப் பிறகு, "சரி, ராத்திரியும் சுட்டுக்கோ, ஆனா ஒரு சீட்டு வாங்கிட்டு வா."

முயல் மேய வருவதோ பொழுது சாய்ந்த பிறகு. நூறு வருஷம் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. ஒரு சின்னப் பிராணி, ஒரு துப்பாக்கி, ஒரு இரவு. இதில் இரவு மட்டும் ஏன் விவசாயியின் கைக்கு வரவேயில்லை என்று தேடிப் போனால் கதை எங்கெங்கோ போகிறது. கொஞ்சம் நீளமான பதிவு, காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கி விடுகிறேன். நாம் தமிழில் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். நம்மூர்க் காட்டில் ஓடுவது வளை தோண்டாது. புதர் ஓரத்தில் பள்ளமாகப் படுத்துக்கொள்ளும், துரத்தினால் ஓட்டம்தான். இங்கிலாந்துக்காரன் அந்த வகையை 'ஹேர்' என்பான். கூண்டில் வளர்க்கிறோமே வெள்ளையும் சாம்பலுமாக, அதன் பூர்வீகம் ஐரோப்பா. அதுதான் 'ராபிட்', மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற குழிமுயல். இந்தப் பதிவில் முயல் என்றால் குழிமுயல். மற்றதைக் காட்டுமுயல் என்று சொல்கிறேன். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாக வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழிமுயல் இங்கிலாந்தின் சொந்தப் பிராணி இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஆசாமி. ரோமானியர் காலத்தில் ஒன்றிரண்டு வந்திருக்கிறது. ஃபிஷ்போர்ன் என்ற ஊரில் இருக்கும் ரோமானிய மாளிகையில் கிடைத்த ஒரு முயல் எலும்பு முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2019-ல் அறிவித்தார்கள். ஆனால் நிலைத்துப் பெருகியது நார்மன்கள் கொண்டு வந்த பிறகு, 12-ஆம் நூற்றாண்டு வாக்கில். அப்போது அது சொகுசுப் பொருள். கறியும் மெத்தென்ற தோலும் பணக்காரர்களுக்கு. கோழியைவிட விலை கூடுதல். இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் ஒத்துக்கொள்ளாமல் நோஞ்சானாக இருந்த முயலுக்கு மண்ணைக் குவித்து நீளநீளமாக மேடு கட்டி, வளை அமைத்துக் கொடுத்து, குளிர்காலத்தில் தீனி போட்டு வளர்த்தார்கள். இந்தப் பண்ணைக்கு 'வாரன்' என்று பெயர், பார்த்துக்கொள்பவன் வாரனர். நார்ஃபோக் பகுதியில் தெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் வாரனர் தங்கிய ஒரு கல் வீடு இன்றும் நிற்கிறது. 1400 வாக்கில் மடத்துத் துறவிகள் கட்டியது. வீடா அது? தடித்த சுவர், கீழே சின்னச் சின்ன ஜன்னல், கிட்டத்தட்ட ஒரு குட்டிக் கோட்டை. முயலுக்குக் கோட்டையா என்று சிரிக்காதீர்கள். கோட்டை முயலுக்கு இல்லை, ராத்திரி முயல் பிடிக்க வருகிறவர்களுக்கு எதிராக.

முயலைப் பிடிக்க ராத்திரிதான் நேரம் என்று திருடனுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். பகலில் வளைக்குள் இருக்கும். இருட்டியதும் வெளியே வந்து புல்வெளியில் வெகுதூரம் போய் மேயும். அந்த நேரத்தில் மேய்ச்சலுக்கும் வளைக்கும் நடுவில் நீளமான வலையைச் சத்தமில்லாமல் கட்டிவிட்டு, அந்தப் பக்கமிருந்து ஒரு நாயையோ ஆளையோ அனுப்பினால் போதும், வீட்டுக்கு ஓடும் முயல் எல்லாம் வலையில். துப்பாக்கிகூட வேண்டாம். வறுமையில் இருந்த கிராமத்துக் கூலிக்கு அது இரண்டு நாள் சோறு. நிலப்பிரபுவுக்கு அது திருட்டு.

அதனால் இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்களில் 'இரவு' என்ற சொல் வந்தாலே தண்டனை கூடும். 1671-ல் வந்த சட்டப்படி வேட்டையாடும் தகுதி வேண்டுமென்றால் வருஷம் 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். மற்றவர்கள் வீட்டில் துப்பாக்கியோ வேட்டை நாயோ இருந்தால் வேட்டைக் காவலர் வந்து சோதனை போட்டுப் பறித்துக்கொண்டு போகலாம். 1723-ல் வந்தது கறுப்புச் சட்டம், 'பிளாக் ஆக்ட்'. முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்தோடு காட்டிலோ மான் தோட்டத்திலோ முயல் வாரனிலோ காணப்பட்டால் தூக்கு. எதையும் பிடித்திருக்கவே வேண்டாம், அந்தக் கோலத்தில் அங்கே இருந்தாலே போதும். ராத்திரியில் முகம் தெரியாமலிருக்கப் பூசுகிற கரிக்குப் பயந்து ஒரு மரண தண்டனை! நூறு வருஷம், 1820-கள் வரைக்கும், அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது.

இதற்கு மேல் நிலப்பிரபுக்கள் சொந்தமாகச் செய்துகொண்ட ஏற்பாடு, தானே வெடிக்கும் துப்பாக்கி. புதருக்குள் துப்பாக்கியை வைத்து விசையிலிருந்து கம்பியைத் தரையோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். இருட்டில் கால் தட்டினால் வெடிக்கும். திருடன் கால், பூப்பறிக்க வந்த பிள்ளையின் கால் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. 1815 நவம்பரில் க்ளாஸ்டர்ஷயரில் டாம் டில் என்பவர் இப்படி ஒரு துப்பாக்கிக்குப் பலியானார். இரண்டு மாசம் கழித்து, 1816 ஜனவரி 18 ராத்திரி, ஜான் ஆலன் என்ற விவசாயியின் வீட்டில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு, பெர்க்லி கோட்டைப் பிரபுவின் காட்டுக்குள் போனார்கள். காவலர்களோடு மோதலில் வில்லியம் இங்கிரம் என்ற காவலர் செத்துப்போனார். ஜான் ஆலனும் ஜான் பென்னியும் அந்த வருஷமே தூக்கில் தொங்கினார்கள். மற்றவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அவர்கள் போனது முயலுக்காக இல்லை, பிரபுக்களின் அருமைப் பறவைகளும் காவலர் மேல் கோபமும்தான் காரணம். ஆனால் ஒரு இங்கிலாந்து நிலக்கிழாருக்கு 'ராத்திரி, வயல், துப்பாக்கிச் சத்தம்' என்றால் மனசில் எது வந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த அறுபது எழுபது வருஷம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதியது இந்த மனசுதான்.

தானே வெடிக்கும் துப்பாக்கியை 1827-ல் தடை செய்தார்கள். மறுவருஷமே, 1828-ல், இரவு வேட்டைத் திருட்டுச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் முயல் கௌரவமான 'வேட்டைப் பிராணி' இல்லை. அந்தப் பட்டியலில் காட்டுமுயல் இருக்கிறது, ஃபெசன்ட் என்ற வேட்டைக்கோழி இருக்கிறது, கௌதாரி இருக்கிறது, குழிமுயல் இல்லை. இருந்தாலும் இந்தச் சட்டம் மட்டும் 'வேட்டைப் பிராணிகள் அல்லது முயல்கள்' என்று தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. இரவு என்றால் என்ன என்பதற்கும் வரையறை: சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பம், சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது முடிவு. முதல் தடவை மாட்டினால் மூன்று மாசம் வரை கடுங்காவல், இரண்டாவது தடவை ஆறு மாசம் வரை, மூன்றாவது தடவை ஏழு வருஷ நாடுகடத்தல் வரைக்கும் போகலாம். ஒரு முயலுக்கு!

நாடுகடத்தல் என்றால் ஆஸ்திரேலியா. அதைப் பற்றிப் பிறகு.

இதுவரை சொன்னது திருடன் போலீஸ் கதை. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது இன்னொரு ஆள், குத்தகை விவசாயி. அவர் திருடர் இல்லை. ஒழுங்காகக் குத்தகைப் பணம் கட்டுகிறவர். ஆனால் 1831-ல் வேட்டைக்கான நிலச் சொத்துத் தகுதியை ஒழித்து, பணம் கட்டி உரிமச் சீட்டு வாங்கினால் யாரும் வேட்டையாடலாம் என்று சட்டம் மாறியபோதும், குத்தகைப் பத்திரத்தில் வேட்டை உரிமையை நிலக்கிழார் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழக்கம் மாறவில்லை. நிலத்தை உனக்கு வாடகைக்கு விடுகிறேன், அதில் ஓடுகிற முயல், காட்டுமுயல், பறக்கிற ஃபெசன்ட் எல்லாம் என்னுடையது. அது உன் டர்னிப்பைத் தின்னும், உன் கோதுமை நாற்றைத் தின்னும். நீ கை வைக்கக் கூடாது. என் விருந்தாளிகள் இலையுதிர்காலத்தில் வந்து சுடுவார்கள்.

ஏழிலிருந்து பத்து முயல் சேர்ந்தால் ஒரு ஆடு தின்கிற அளவு தின்னும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு பெண் முயல் சினையாகி ஒரு மாசத்தில் குட்டி போட்டுவிடும், ஒரு ஈற்றுக்கு மூன்றிலிருந்து ஏழு வரை. இதில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் விவசாயமே முயலுக்குச் சாதகமாக மாறியிருந்தது. பொது நிலத்தையெல்லாம் வளைத்து வேலி போட்டார்கள், உயிர்வேலியின் அடியில் வளை தோண்ட நல்ல இடம். குளிர்காலத்திலும் வயலில் பச்சைத் தீனி நிற்கிற மாதிரி பயிர் முறை வந்தது. ஃபெசன்ட்டைக் காப்பாற்ற வேண்டுமென்று வேட்டைக் காவலர்கள் கீரிப்பிள்ளை மாதிரியான ஸ்டோட், மரநாய் வகை, பருந்து எல்லாவற்றையும் கொன்றார்கள். முயலைத் தின்ன ஆளில்லை. நோஞ்சானாக வந்த பிராணி படை திரட்டிக்கொண்டது.

1845-ல் ஜான் பிரைட் என்ற எம்.பி. வேட்டைச் சட்டங்களை விசாரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றை அமைக்க வைத்தார். தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய அதே பிரைட். குத்தகை விவசாயிகள் வந்து எவ்வளவு பயிர் போகிறது என்று சாட்சி சொன்னார்கள். பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்தால் ஆச்சரியமும் இல்லை. 1862-ல் இன்னொரு சட்டம் வந்தது, அதுவும் தலைகீழ். ரோட்டில் போகிறவனின் பையைச் சந்தேகத்தின் பேரில் போலீஸ் சோதனை போடலாம், உள்ளே முயல் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

மாறியது 1879-ல் பெய்த மழையால் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. அந்த வருஷ அறுவடை அந்த நூற்றாண்டிலேயே மோசமான ஒன்று. வழக்கமாக விளைச்சல் குறைந்தால் விலையாவது ஏறும். இந்தத் தடவை அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்க, விலையும் ஏறவில்லை. நொந்துபோன விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1880 தேர்தலில் கிளாட்ஸ்டன் ஜெயித்தார். அவருடைய உள்துறை மந்திரி சர் வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்த மசோதாதான் 'கிரவுண்ட் கேம் ஆக்ட், 1880'. தரையில் ஓடும் வேட்டைப் பிராணிகள், அதாவது காட்டுமுயலும் குழிமுயலும்.

இந்தச் சட்டத்தின் முதல் பிரிவை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். நிலத்தை யார் அனுபவித்து உழுகிறாரோ அவருக்கு இந்த இரண்டையும் கொல்லும் உரிமை உண்டு, அது அந்த அனுபோகத்திலிருந்து பிரிக்க முடியாதது என்கிறது. நிலக்கிழாரும் சுடலாம், குத்தகைக்காரரும் சுடலாம். 'இந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஒப்பந்தம் செய்துகொள்ள யாருக்கும் சுதந்திரம் உண்டு என்பதையே வேதமாக வைத்திருந்த ஒரு காலத்தில், குத்தகைக்காரன் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று ஒரு சட்டம் சொன்னது சின்ன விஷயம் இல்லை. பட்டினியில் இருப்பவன் போடுகிற கையெழுத்து என்ன கையெழுத்து என்பதை ஒப்புக்கொண்டார்கள் அல்லவா, அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியே ஆறாம் பிரிவுக்கு வந்தால் புஸ்வாணம். இரவில் துப்பாக்கி உபயோகிக்கக் கூடாது. அதே வரையறைதான், மறைந்து ஒரு மணி, உதிக்க ஒரு மணி. மீறினால் 2 பவுண்டு வரை அபராதம். பகலில்கூட துப்பாக்கி எடுக்கலாம் என்றால் விவசாயியும் அவர் எழுத்தில் அனுமதி கொடுத்த ஒரே ஒரு ஆளும்தான். பல் வைத்த இரும்புப் பொறியை முயல் வளைக்குள் வைக்கலாம், வெளியே வைக்கக் கூடாது. விஷம் கூடாது.

ஏன் இரவு கூடாது? பொறியையும் விஷத்தையும் தடுத்ததற்குக் காரணம் புரிகிறது, முயலைத் தவிர மற்றவையும் சாகும். துப்பாக்கிக்கு? என் ஊகம் இது. இரவில் மரக்கிளையில் உட்கார்ந்து தூங்கும் ஃபெசன்ட்டை, முயல் சுடப் போனேன் என்ற சாக்கில் குத்தகைக்காரன் தட்டிவிட்டால்? அதைவிட, இருட்டில் கேட்கிற எந்தத் துப்பாக்கிச் சத்தமும் திருடனுடையதுதான் என்று காவலர் நிச்சயமாக இருக்க வேண்டும். ஊரில் பத்து விவசாயிகள் ராத்திரி சட்டப்படி சுட ஆரம்பித்தால் பதினோராவது சத்தம் யாருடையது? பிரபுக்கள் பகலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரவை விடவில்லை. பெர்க்லி இரவு ஞாபகம் வருகிறதா?

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கோடையில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஜூன் மாசம் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், அந்தச் சாயங்கால வெளிச்சத்திலேயே முயல் வெளியே வரும். அதற்கு மேல் ஒரு மணி நேரம் சட்டமே தருகிறது. பிரச்சினை குளிர்காலம். டிசம்பரில் லண்டன் பக்கம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், மறுநாள் எட்டு மணிக்குத்தான் வரும். சட்ட இரவு மட்டும் கிட்டத்தட்ட 14 மணி நேரம்! வயலில் அப்போது நிற்பது இளசான குளிர்காலக் கோதுமை நாற்று. வேலியோரத்திலிருந்து வட்டமாக மொட்டையடித்துக்கொண்டே வரும். விவசாயி காலையில் போய்ப் பார்த்து எவ்வளவு போச்சு என்று எண்ணிக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை (வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை). சட்டம் இரண்டு பிராணிக்கும் சமமாகத்தான் வந்தது. ஆனால் காட்டுமுயலுக்கு வளை கிடையாது, பகலில் திறந்த வயலில் படுத்திருக்கும். பகல் துப்பாக்கிக்கு அது சுலபமாகச் சிக்கியது. 1880-க்குப் பிறகு பல இடங்களில் காட்டுமுயல் அருகிப்போய், 1892-ல் அதைக் காப்பாற்றத் தனிச் சட்டமே போட்டார்கள். மார்ச்சிலிருந்து ஜூலை வரை விற்கக் கூடாது என்று. நிஜமாகவே பயிரைத் தின்ற குழிமுயல், பகலில் வளைக்குள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு ராத்திரி வந்துபோனது. எதைக் குறி வைத்தார்களோ அது தப்பித்தது.

பொறி வைக்கிறவர்களுக்கு அது தொழிலாகவும் ஆனது. டெவன், கார்ன்வால், வேல்ஸின் மேற்குப் பகுதிகளில் பொறிக்காரர்கள் விவசாயியிடம் பணம் கட்டி முயல் பிடிக்கும் உரிமை வாங்குவார்கள். பிடித்ததை ரயிலேற்றி நகரங்களுக்கு அனுப்புவார்கள். அடுத்த வருஷமும் தொழில் வேண்டுமே, அதனால் விதைக்குக் கொஞ்சம் விட்டுவிடுவார்கள். ஒழிக்க வேண்டியவனுக்கு ஒழியக் கூடாது என்பதில்தான் லாபம். 1950-களின் ஆரம்பத்தில் பிரிட்டனில் 6 கோடியிலிருந்து 10 கோடி முயல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைக்கு அங்கே இருந்த மனிதர்கள் சுமார் 5 கோடி.

இப்போது ஆஸ்திரேலியா. முயல் திருடியவர்களை ஏற்றிப்போன திசையிலேயே முயலும் போனது. தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து குடியேறி விக்டோரியாவில் பார்வன் பார்க் என்ற பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரர் ஆனவர். வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஊரிலிருந்து முயல் வரவழைத்தார். 1859 கிறிஸ்துமஸ் அன்று மெல்பர்னில் வந்து இறங்கியவை 24. கண்டம் முழுக்கப் பரவிய படையெடுப்பு அந்தக் கூட்டத்திலிருந்துதான் கிளம்பியது என்று 2022-ல் மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901-லிருந்து 1907 வரைக்கும் மூன்று வேலி கட்டினார்கள், மொத்தம் 3,256 கிலோமீட்டர். நியூசிலாந்தில் 1876-லேயே முயல் தொல்லைச் சட்டம் வந்தது, அங்கே நிலத்துக்காரர் முயலைக் கொல்லாவிட்டால்தான் அபராதம். ஒரே சாம்ராஜ்யம், ஒரே பிராணி. லண்டனில் கொன்றால் தப்பு, வெலிங்டனில் கொல்லாவிட்டால் தப்பு. ராத்திரி வயலில் விளக்கடித்துச் சுடுவது அந்த ஊர்ப் பண்ணைகளில் சர்வ சாதாரணமான வேலை.

இங்கிலாந்து முயலுக்கு முடிவு கட்டியது துப்பாக்கி இல்லை. பிரான்சில் பால் ஃபெலிக்ஸ் அர்மான்-தெலில் என்ற மருத்துவர், தன் தோட்டத்து முயலை ஒழிக்க 1952 ஜூனில் இரண்டு முயலுக்கு மிக்ஸமடோசிஸ் கிருமியை ஊசி போட்டு விட்டார். மதில் சுவருக்குள்தானே என்று நினைத்தார். பிரான்ஸ் முழுக்கப் பரவியது. வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்டு அவருக்கு அபராதம் வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு விவசாயத் தரப்பு பதக்கம் கொடுத்தது! 1953-ல் நோய் கென்ட் மாவட்டத்தில் எடன்பிரிட்ஜ் பக்கம் தலைகாட்டியது. பிரிட்டனில் அதைப் பரப்பியது முயல் தெள்ளுப்பூச்சி. இரண்டே வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயல் போய்விட்டது. கண் வீங்கி, குருடாகி, ரோட்டு நடுவில் உட்கார்ந்திருந்த முயல்களைப் பார்த்த ஒரு தலைமுறை அதை மறக்கவில்லை. நோயுற்ற முயலைச் சில விவசாயிகளே எடுத்துப்போய்த் தங்கள் நிலத்தில் விட்டார்கள். 1954-ல் வந்த பூச்சி பிராணித் தொல்லைச் சட்டம் அப்படி வேண்டுமென்றே பரப்புவதைக் குற்றமாக்கியது.

அதே 1954 சட்டம் இன்னொன்றும் செய்தது. 'முயல் ஒழிப்புப் பகுதி' என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அங்கே நிலம் வைத்திருப்பவர் முயலைக் கொன்றே ஆக வேண்டும், இல்லையென்றால் அது சேதம் செய்யாதபடி தடுக்க வேண்டும். அடுத்தடுத்த ஆணைகளால் இங்கிலாந்தும் வேல்ஸும் ஏறக்குறைய முழுக்க இதற்குள் வந்துவிட்டன. (விதிவிலக்கு மூன்று: லண்டனின் பழைய நகரப்பகுதி, சில்லித் தீவுகள், ஸ்கோக்கோம் என்ற குட்டித் தீவு.) ஆக, விவசாயிக்கு இப்போது முயல் கொல்வது உரிமை இல்லை, கடமை. ஆனால் 1880-ன் ஆறாம் பிரிவு அப்படியே புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. கொல்லு, ஆனா ராத்திரி சுடாதே!

நோய்க்குத் தப்பிய முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்து, 70-களில் எண்ணிக்கை மறுபடி ஏறியது. 1981-ல் காட்டுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டம் வந்தபோது, பறவை, வௌவால், ஆர்க்கிட் என்று எல்லாவற்றையும் காப்பாற்றும் அந்தப் பெரிய சட்டத்தின் கடைசிப் பக்கங்களில், ஏழாம் அட்டவணையில், சத்தமில்லாமல் ஒரு பத்தி சேர்ந்தது. ஆறாம் பிரிவு என்ன சொன்னாலும், விவசாயியும் அவர் அனுமதித்த அந்த ஒருவரும் இரவில் சுடலாம். நூற்றியொரு வருஷம். பத்தியைக் கடைசி வரை படித்தால் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வேட்டை உரிமை முழுக்க விவசாயியிடமே இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த உரிமையில் பங்குள்ள மற்றவரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். மற்றவர் யார்? பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர்தான். பகலுக்கு 1880-லேயே யாரிடமும் கேட்க வேண்டாமென்று ஆகிவிட்டது. இரவுக்கு இன்றும் கதவைத் தட்ட வேண்டும்.

சரி, இவ்வளவு அடித்துக்கொண்டு வாங்கிய இரவில் என்ன செய்கிறார்கள்? நல்ல இருட்டான, காற்று வீசும் ராத்திரியாகப் பார்ப்பார்கள். காற்று இருந்தால் காலடிச் சத்தமும் வாடையும் எட்டாது. நிலா வெளிச்சம் ஆகாது. ஸ்பாட்லைட்டை வயலில் மெல்லச் சுழற்றினால் முயலின் கண் சிவப்பாகத் திருப்பி அடிக்கும், சில நொடி அப்படியே உறைந்து உட்காரும். பாயிண்ட் டூ டூ துப்பாக்கி, ஒலியைவிட வேகம் குறைந்த தோட்டா, சத்தம் குறைக்கும் குழாய். முதல் விதி, முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் விரலை எடுத்துவிடு. அந்தச் சின்னத் தோட்டா கல்லில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் யாருடைய மாடு நிற்கிறதோ. சுட்டுத் தவறவிட்ட முயல் இரண்டாம் தடவை விளக்கைக் கண்டதும் ஓடிவிடும். அதற்காகச் சிவப்புக் கண்ணாடி மாட்டினார்கள். இப்போது உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கருவி வந்தபிறகு விளக்கே தேவையில்லை.

ஆனால் பெரிய கூட்டத்தை வெறும் துப்பாக்கியால் மட்டும் அடக்க முடியாது. இரவில் சுட்டாலும் அப்படித்தான். சுடுவது பகலைவிட ராத்திரி எவ்வளவோ மேல், ஆனால் வளைக்குள் புகை விடுவதும், ஃபெரெட் என்ற பழக்கிய பிராணியை விட்டு விரட்டி வலையில் பிடிப்பதும், கம்பி வலை வேலி போடுவதும் சேர்ந்தால்தான் பலன். பிரபுக்கள் 1880-லேயே இரவைக் கொடுத்திருந்தாலும் முயல் ஒழிந்திருக்காது என்றே நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது அது இல்லை. 14 மணி நேர இருட்டில் தன் வயல் போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவனிடம், அவன் துப்பாக்கியைவிட அவன் மேல்தான் சந்தேகப்பட்டார்கள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 1994-ல் பிரிட்டன் காட்டுமுயல் வளைகளுக்குள், மன்னிக்கவும், குழிமுயல் வளைகளுக்குள் (இந்தத் தமிழ்ப் பெயர்ப் பஞ்சம்!) ரத்தக்கசிவு நோய் நுழைந்தது. பின்னால் அதன் இரண்டாவது வகையும் வந்தது. பறவை எண்ணப் போகும் தன்னார்வலர்கள் பாலூட்டிகளையும் குறித்து வைப்பார்கள், அந்தக் கணக்குப்படி 1990-களின் நடுவிலிருந்து 2018-க்குள் பிரிட்டனின் முயல் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்திருக்கிறது. பூர்வீகமான ஸ்பெயின், போர்ச்சுகலில் அது அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019-ல் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். முயல் மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருந்த இடங்களில் வாழ்ந்த ஜீவன்களும் கூடவே போகின்றன. மிக்ஸமடோசிஸுக்குப் பிறகு புல் வளர்ந்து, அதை நம்பியிருந்த எறும்பு குறைந்து, அந்த எறும்பை நம்பியிருந்த பெரிய நீலப் பட்டாம்பூச்சி 1979-ல் பிரிட்டனிலிருந்தே மறைந்ததைப் பற்றித் தனிப்பதிவே எழுதலாம். (பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.) தெட்ஃபோர்டு இருக்கிற பிரெக்லாண்ட் பகுதியில் மரக்கிளைகளைக் குவித்துவைத்து, மண்மேட்டைச் சீர்செய்து, முயலைத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறார்கள். 1400-ல் வாரனர்கள் செய்த அதே வேலை.

கொசுறு: 1828-ன் இரவுச் சட்டம் இங்கிலாந்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நாடுகடத்தல் எப்போதோ போய்விட்டது. ஆனால் காட்டுமுயலை நாய் விட்டுத் துரத்திப் பந்தயம் கட்டும் கும்பல்களைப் பிடிக்க 2022-ல் தூசி தட்டி எடுத்து, அபராத உச்சவரம்பை நீக்கி, ஆறு மாசம் வரை சிறை என்று ஆக்கினார்கள். 'வேட்டைப் பிராணிகள் அல்லது முயல்கள்' என்ற அந்தப் பழைய வரி அப்படியே இருக்கிறது :-)